கல்லறையில் ஒரு புதிர்

மரித்தோர் துயிலும் இடத்தில் விளையாடலாமா? கேட்ட மாத்திரத்தில் 'கூடாது' என்றே நம் நா சொல்லும். ஆயினும் சற்றுப் பொறுத்து எண்ணிப் பார்ப்போம்.

ஜி.பி.எஸ். குறிகளில் தான் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. ஓரிரு நாளில், ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவித்து, தேடி வாருங்கள் என்றார். ஜியோகேச்சிங் என்னும் புதையல் வேட்டை இப்படித்தான் பிறந்தது. அதன் ஒரு வகை கல்லறைப் புதிர். ஒரு போர்வீரனின் கல்லில் பொறித்த படைஎண், இறந்த நாள், வயது ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் பெட்டி இருக்கும் இடம் தெரியவரும். அவ்வீரனுக்குச் செய்யும் மரியாதையாகவே பலர் இதை அமைக்கின்றனர். நிலத்துக்கு உரியவரின் இசைவின்றி மண்ணைத் தோண்டிப் புதைப்பது அவ்விளையாட்டின் விதிக்கே விரோதம். அப்படியிருந்தும், கல்லறைகளில் இதைத் தடுக்க 2005-இல் தென் கரோலினாவில் ஒரு சட்ட முன்வரைவு வந்தது; சட்டமாகவில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நம்மவர் அதைப் பலமுறை கடந்து சென்றிருப்பர். உள்ளே நுழைந்தவர் சிலரே. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் கல்லில் வேற்றுமை இல்லை.

கல்லறைத் திருநாளில் நாம் என்ன செய்கிறோம்? நம் தாய் தந்தையரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி, சாமந்தி சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நன்று. பக்கத்துக் கல்லில் இருக்கும் பெயரை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? புதிரை அவிழ்க்க வருபவனோ, தனக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒருவனின் கல்லின்முன் குனிந்து, எழுத்தெழுத்தாக வாசிக்கிறான். வயது இருபது என்று கண்டதும் ஒரு கணம் திகைக்கவும் கூடும். நம் பக்தி செய்யாததை அவன் விளையாட்டு செய்துவிடுகிறது.

புனித தோமா அக்குவினா விளையாட்டையும் ஒரு நற்பண்புக்கு உரியதாகவே கருதினார். ஆனால் அது இடத்துக்கும் காலத்துக்கும் ஆளுக்கும் பொருந்த வேண்டும் என்றார். கல்லறையில் 'ஆள்' யார்? தேடி வருபவன் மட்டுமல்லன், கிடப்பவனும்தான். அவனிடம் இசைவு கேட்க வழியில்லை. இங்கேதான் என் தயக்கம். இறந்த நாளை வெறும் கணக்காக எடுத்துக்கொண்டு, பெயரைக்கூட வாசியாமல் பெட்டியை நோக்கி ஓடுபவனுக்கு அந்த வீரன் ஒரு படிக்கட்டு; அவ்வளவுதான். பெயரையும் ஊரையும் அறிந்தாலன்றி விடை கிட்டாதபடி அமைந்த புதிர் வேறு. காவலரிடம் இசைவு பெற்று, பெட்டியை மதிலுக்கு வெளியே வைத்து அப்படியொன்று நந்தம்பாக்கத்தில் அமைந்தால் நான் எதிர்க்கமாட்டேன். நம் இளைஞரையும் அனுப்புவேன். பெட்டியைத் திறக்குமுன் அந்த ஆன்மாவுக்காக ஒரு செபம் சொல்லச் சொல்வேன். மரித்தோருக்காக மன்றாடுவதற்கு நாம் ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரம், களத்தில் மடிந்த வீரர்களைப் பற்றியதுதானே! அவர்கள் குற்றமற்றவர்களும் அல்லர். ஆடைக்குள் சிலைத் தாயத்து வைத்திருந்தவர்கள்.

ஆனால் பெயரே இல்லாதவனுக்கு எவர் புதிர் அமைப்பார்? முதல் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவில் மாண்டோருக்கு 1929-இல் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற தொகையாக மட்டும் நின்றனர். ஆப்பிரிக்கரும் மத்தியக் கிழக்கினருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, அடியோடு நினைவின்றியோ விடப்பட்டனர் என்று, இக்கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையத்தின் சார்பில் 2021-இல் வெளியான அறிக்கையே ஒப்புக்கொண்டது.

நந்தம்பாக்கத் தோட்டத்தின் பின்புறம் ஒரு நினைவுச் சுவர் உள்ளது. முதல் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உண்டு. உடல்கள் அங்கில்லை, நாட்டின் பல மூலைகளில், பேண இயலாமல் போன பழைய கண்டோன்மென்ட் கல்லறைகளில் கிடக்கின்றன. எந்தக் கருவியைக் கையில் ஏந்தினாலும், அச்சுவர் வரையில்தான் நம்மால் போக முடியும்.