மரம் நடுவது பரிகாரமா?

போன வருடம் தைப்பூசம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் இளைஞர் பிரிவு சுங்கை சிப்புட் பக்கம் மரம் நடப் போனது. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலைச் சுற்றி 40 கன்றுகள், வேம்பும் கொன்றையும். கையில் மண், போட்டோவுக்குச் சிரிப்பு, பிறகு நாசி லெமாக். என்னோடு ஈப்போவிலிருந்து வந்திருந்த பாட்டி கோயில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும்போது காரில் கேட்டார்: "ஏம்பா, இதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவா? இங்கதான் ஒருத்தரும் இல்லையே."

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. கோயில் மட்டும்தான் மிச்சம்.

நாங்கள் நட்டது பருவநிலை மாற்றத்துக்காக. காரணம் பொய்யில்லை. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து உடம்பாக்கிக் கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம்தான். வேர் மண்ணைப் பிடிக்கிறது, நிழல் ஊரைக் குளிர்விக்கிறது. 2021-இல் நம் அரசாங்கமும் 10 கோடி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. அப்புறம் என்ன தயக்கம் என்று கேட்பீர்கள்.

கோலகங்சாருக்குப் போனால், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கும். 1877-இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் கன்றுகளில் ஒன்று. பிறகு ரப்பருக்காகப் பேராக்கில் எவ்வளவோ காடு அழிந்தது. அழித்த கைகளில் நம் முப்பாட்டன்மார் கைகளும் உண்டு. ரப்பரும் மரம்தானே, கரிமத்தை இழுக்கத்தானே செய்கிறது? செய்கிறது. ஆனால் 25, 30 வருடத்தில் பால் வற்றிவிடும், வெட்டிவிடுவார்கள். நாற்காலி மேசையாகப் போனால் அந்தக் கரிமம் கொஞ்ச காலம் தங்கும், விறகாகப் போனால் உடனே காற்றுக்குத் திரும்பிவிடும். நூற்றாண்டுகளாக வளர்ந்த காடு சேர்த்து வைத்ததை அது ஈடு செய்யாது. ரப்பர் விலை இறங்கி செம்பனை விலை ஏறியபோது மரத்தை மாற்றினார்கள். மரத்தோடு எங்கள் லயத்தையும் எடுத்தார்கள். "நீங்க எங்க போவீங்க"ன்னு பாட்டியை யாரும் கேட்கவில்லை.

இப்போது நிற்கும் காட்டுக்கும் விலை வந்திருக்கிறது. 2024 ஜூலையில் சபாவின் குவாமுட் காட்டைக் காத்ததற்கான கரிம வரவு, டன் 50 ரிங்கிட் என்று ஏலம் போனது. இது கெட்ட செய்தி என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. மரத்தை வெட்டினால்தான் வருமானம் என்றால் எந்த மாநிலமும் வெட்டத்தான் பார்க்கும். வெட்டாமல் இருந்தாலும் காசு என்றால் காட்டுக்கு ஒரு வாய்ப்பு.

எனக்கு உறுத்துவது வாங்குகிறவர் மனசு. நம்மில் பரிகாரம் என்று ஒன்று உண்டு. தெரியாமல் செய்த தவறுக்கு வருந்திச் செய்வது. "பரிகாரத்துக்கு இவ்வளவுதான் செலவு, கட்டிவிடலாம்" என்று கணக்குப் போட்டுவிட்டு அதே தவறைத் தொடர்ந்து செய்பவரை நம் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடம் பூமிக்குள் கிடந்தவை. அதை எரித்துவிட்டு, தீயும் கோடரியும் தொடக்கூடிய ஒரு மரத்திடம் ஒப்படைத்தால் கணக்கு நேராகுமா? (ஈப்போவிலிருந்து ஏழு காரில் போய் 40 கன்று நட்டவன் இதை எழுதுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்றையும் கேட்கவேண்டும். காட்டைக் காக்கும் செலவு யார் தலையில் விழுகிறது? வட பேராக்கின் ரோயல் பெலும் 2007-இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் வந்தது, 117,500 ஹெக்டர். அந்த வட்டாரம் ஜஹாய், தெமியார் மக்களின் வீடு. கரிமக் கணக்குக்காக அவர்களிடம் ஒருநாள் "உள்ளே வராதே" என்று யாராவது சொன்னால், அது பாட்டிக்கு நடந்ததேதான். நாம் கைதட்டக் கூடாது.

மாத்தாங் சதுப்புநிலக் காட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. தைப்பிங்கைத் தாண்டி, கோலா செபெத்தாங்கில். சுமார் 40,000 ஹெக்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டம் போட்டுப் பராமரிக்கிறார்கள். பகுதி பகுதியாக வெட்டி, 30 வருடம் வளரவிட்டு, மறுபடி வெட்டுகிறார்கள். மரம் கரிச்சூளைக்குப் போகிறது. சூளைப் பக்கம் நின்றால் கண் எரியும். பருவநிலையை மட்டும் பார்ப்பவர், சேற்றுக்கடியில் இவ்வளவு கரிமம் இருக்கும்போது வெட்டுவானேன் என்று கேட்கலாம். நியாயம்தான். வெட்டாமல் விட்டால் அந்தக் காடு இன்னும் அதிகம் சேர்த்து வைக்கும். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக அது காடாகவே இருக்கிறது. சூளைக்காரருக்கும் மீன்காரருக்கும் அது நாளைக்கும் வேண்டும். கொஞ்சம் குறைவான கரிமம், ஆனால் காவலுக்கு ஆள் இருக்கும் காடு. இரண்டில் ஒன்று என்றால் நான் மாத்தாங்கைத்தான் எடுப்பேன். பெலும் மாதிரி பழங்காட்டில் இதே முறையைக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். அங்கே வெட்டினால் 30 வருடத்தில் திரும்பி வராது.

நாலு மாதம் கழித்து நானும் பாட்டியும் மறுபடி அந்தக் கோயிலுக்குப் போனோம். 40-இல் 11 கன்று உயிரோடு இருந்தது. எல்லாம் குழாய்ப் பக்கம் நட்டவை. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பண்டாரம் ஐயா கால் கழுவும்போது அவற்றுக்கும் ரெண்டு வாளி ஊற்றுகிறாராம்.

அடுத்த கூட்டத்தில் 200 கன்று நடலாம் என்று தீர்மானம் வருகிறது. புதுசாக எதுவும் நட வேண்டாம், அந்தப் பணத்தில் ஐயாவுக்கு மாதாமாதம் பெட்ரோல் காசும் நீளமான ஒரு ரப்பர் குழாயும் கொடுப்போம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.