சரித்திரத்தின் ஐந்தொகை



வருஷக் கடைசியில் சரக்கு எண்ணி, வரவு செலவு பார்த்து ஐந்தொகை எடுப்பது வியாபாரிகளாகிய நமக்குப் பழகிய வேலை. உலகச் சரித்திரத்திற்கே ஐந்தொகை எடுக்கப் புறப்பட்ட அறிஞர்களும் உண்டு.

ஜெர்மன் தத்துவ ஞானி ஹெகல் (1770–1831) பெர்லின் சர்வகலாசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், மனிதன் தன் சுதந்திரத்தை உணர்ந்து வருவதே சரித்திரம், அது கிழக்கே உதித்து ஐரோப்பாவில் முடிவெய்துகிறது என்று போதித்தார். இஸ்லாம் உலக மேடையைவிட்டு எப்போதோ இறங்கி ஓய்ந்துவிட்டது என்றும் அவரே சொல்லி வைத்தார். சரித்திரம் தம் ஊருக்கு வந்து கரையேறிவிட்டதாகக் காண்பது அறிஞர்களுக்கும் உள்ள பலவீனம் போலும்!

1989இல் அமெரிக்கரான பிரான்சிஸ் ஃபுகுயாமா, அரசியல் கொள்கைகளின் போட்டி முடிந்தது, தாராள ஜனநாயகமே கடைசி வடிவம் என்று எழுதினார். சம்பவங்கள் நின்றுவிடும் என்று அவர் கூறவில்லை. அதை ஒப்புக்கொள்வதே நியாயம். அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தபோது பலர் கைதட்டினர். பிறகு 2001 வந்தது, 2008 வந்தது. பேரேட்டில் பக்கங்கள் ஏறிக்கொண்டேயிருக்கின்றன.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1377இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் அமர்ந்து ‘முகத்திமா’வை எழுதினார் இப்னு கல்தூன். 1332இல் துனிஸ் நகரில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஸ்பெயினின் செவில் நகரத்துப் பிரமுகர்கள். 1248இல் அந்நகர் கைமாறுமுன் வெளியேறியவர்கள். பெற்றோரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. ஆகவே இராஜ்யங்களின் வீழ்ச்சி அவருக்கு ஏட்டுச் செய்தியல்ல, வீட்டுச் செய்தி.

ஒரு குடும்பத்தின் கௌரவம் நான்கு தலைமுறையில் தீர்ந்துவிடும் என்பது அவர் கண்ட கணக்கு. முதலாமவன் பாடுபட்டுக் கட்டுகிறான். மகன் அருகிலிருந்து பார்த்துக் கற்கிறான். பேரன் காரணம் அறியாமல் வழக்கத்தை மட்டும் பின்பற்றுகிறான். நான்காமவனோ, இது உழைப்பால் வந்ததே அல்ல, நம் பிறப்புக்கே உரியது என்றெண்ணி உடன் நின்றவர்களை அற்பமாகப் பார்க்கிறான்.

அரசர்களைப் பற்றிய பேச்சுத்தானே என்று நாம் தள்ளிவிட முடியுமா? துணிமூட்டையுடன் கப்பலேறி வந்தவர், கல்லாவின் பக்கத்தில் நின்று பழகிய மகன், ‘வாப்பா இப்படித்தான் செய்தார்’ என்பதோடு நிற்கும் பேரன், பெயர்ப்பலகைதான் சம்பாதிக்கிறது என்று நம்பும் கொள்ளுப்பேரன்: இந்த நால்வரையும் நம் தெருவிலேயே எண்ணிவிடலாம். ஆனால் இது விதியின் முத்திரையல்ல. நான்குக்கு முன்பே அழிந்த வீடுகளும், ஐந்து ஆறு வரை தாக்குப்பிடித்த வீடுகளும் உண்டென்று அவரே சொல்கிறார்.

சரித்திரத்திற்கு முடிவுண்டு என்று நாமும் ஈமான் கொண்டிருக்கிறோம். கியாமத்தின் வேளை அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். அன்று விசாரணைக்கு வருவது எந்த சாம்ராஜ்யத்தின் வெற்றியுமன்று. அவரவர் கொடுக்கல் வாங்கல், அளவு நிறுவை, அமானிதம். அந்த வேளை வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) பணித்திருக்கிறார்கள். அதன் நிழலையோ கனியையோ நட்டவர் காணப்போவதில்லை!

பெரியவர்களே, வரும் பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைக் கடைக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் வந்த கப்பலையும், முதலில் சரக்குக் கடன் தந்தவர் பெயரையும், அந்தக் கடனை அடைத்த நாளையும் சொல்லுங்கள். அவர்களே தம் கையால் எழுதிக்கொள்ளட்டும்.