மெரிட் புள்ளிக்குச் செய்வது தொண்டாகுமா?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. அடுத்த ஆண்டும் விடுதியில் இடம் வேண்டுமென்றால் மெரிட் வேண்டும். கோத்தோங் ரோயோங்குக்குப் போனால் இத்தனை புள்ளி, நிகழ்ச்சிக் குழுவில் இருந்தால் இத்தனை, தலைவராக இருந்தால் இன்னும் கொஞ்சம். விடுதியில் இடம் போய், ஸ்கூடாயில் வெளியே அறை எடுத்தால் வாடகை, மோட்டார் சைக்கிள், பெட்ரோல் என்று செலவு எங்கேயோ போய்விடும். தோட்டத்திலிருந்து வந்து, பிடிபிடிஎன் கடனில் படிக்கிறவனுக்கு அந்தப் புள்ளி விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

வெளிநாட்டுக் கல்லூரிகளில் கோடை விடுமுறை என்பார்கள். நமக்கு ஏது கோடை? வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான். ஆனால் செமஸ்டர் முடிந்து வரும் நீண்ட விடுமுறை உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்பு முகாம், கோயிலில் துப்புரவுப் பணி, முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு என்று இந்து மாணவர்கள் கிளம்புவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வியும் கிளம்பும். புள்ளிக்காகச் செய்தால் அது தொண்டா?

"அண்ணே, மெரிட் இல்லேன்னா எத்தன பேரு வருவாங்க? நீங்களே சொல்லுங்க" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி.

புள்ளி வாங்கிவிட்டால் அது வியாபாரம், கீதை சொல்லும் பலன் கருதாத செயல் அல்ல என்று சிலர் முடிவாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மனசு முழுசாகச் சுத்தமான பிறகுதான் தொண்டுக்குப் போகலாம் என்றால் ஒரு பள்ளிக்கும் ஒருவரும் போகப் போவதில்லை. தவிர, பலன் என்பது புள்ளி மட்டும்தானா? புள்ளியே வேண்டாம் என்று வருகிறவர் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு, நாலு பேர் 'நல்ல மனசு' என்று எழுதுவதைப் பார்த்துப் பூரிக்கலாம். அதுவும் பலன்தான், என்ன, அதற்குப் பாரம் நிரப்ப வேண்டியதில்லை.

இன்னும் சிலர், எதற்காகச் செய்தால் என்ன, பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்ததே என்பார்கள். கிடைத்ததா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஒரு முகாமை நினைத்துப் பாருங்கள். காலையில் விளையாட்டு, மத்தியானம் நாசி லெமாக் பொட்டலம். சாயங்காலம் விளக்கை அணைத்து, அம்மா அப்பா பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளை அழவைப்பார்கள். (பத்து வயசுப் பிள்ளையை அழவைப்பது எப்படித் தன்முனைப்பு ஆகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) பிறகு பஸ் வரும். ஏறும்போது ஒரு பொண்ணு சட்டையைப் பிடித்து, "அக்கா, அடுத்த வாரம் வருவீங்களா?" என்று கேட்பாள். யாரோ ஒருவர், "வருவோம்மா" என்பார்.

என்னைப் பொறுத்தவரை மொத்தக் கேள்வியும் அந்த 'வருவோம்' என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டர் வருகிறார். காஞ்சிபுரத்துக்காரர், துணி வெளுப்பவர். குளிரில் நடுங்கும் ஓர் ஏழை அடியாரிடம் அவருடைய ஒரே கந்தையை வாங்கி, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடுவதாயில்லை. சொன்ன நேரத்துக்குத் தர முடியவில்லையே என்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார். அப்போதுதான் இறைவன் கை நீட்டித் தடுக்கிறார். நாமும் தலையை மோத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் எதற்காகக் கலங்கினார் என்று பாருங்கள். தன் மனத்தில் பலன் ஆசை இருந்ததா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. ஒரு கிழவர் குளிரில் காத்திருக்கிறார், அதுதான் அவரை வாட்டியது.

பலனில் பற்று வைக்காதே என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: பலன் வந்து சேர்ந்ததும் வேலை நின்றுவிடக் கூடாது. புள்ளி வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளி பதிவான மறுநாள் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

நிலைத்து நின்றவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டூழியர்களாகப் பாடம் எடுத்தார்கள். அங்கே படித்தவர்கள் பிறகு அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். நம் ஸ்கூடாயிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சீன சமூகம் நன்கொடை திரட்டி 1990-இல் தொடங்கிய சதர்ன் கல்லூரி, பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது 2012-இல். இடையில் 22 வருஷம். மூன்று நாள் முகாம் மனப்பான்மையில் அது நடந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் நம்மில் பலர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறோம். அங்கே ஒரு வெள்ளி இங்கே 3 ரிங்கிட்டுக்கு மேல். வீட்டில் தம்பி தங்கைகள் படிக்கும்போது அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு முகாமுக்கு வா என்று யாரையும் நான் கூப்பிட மாட்டேன். குடும்பத்தைத் தாங்குவதும் தர்மம்தான். போக முடியாதவர் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால் போதும். "இல்லம்மா, இன்னைக்கு மட்டுந்தான் வந்தோம்" என்றால் முகம் கொஞ்சம் வாடும், அவ்வளவுதான். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

நண்பர்கள் ஆறு பேர் இந்த விடுமுறைக்கு ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டோம். பாடமும் ஒன்றுதான், ஐந்தாம் ஆண்டுப் பின்னக் கணக்கு. ஜொகூரில் 2025 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. சிங்கப்பூரில் வேலை செய்யும் இரண்டு பேரும் சனிக்கிழமை காலையில் வர முடிகிறது. மெரிட் பாரத்தில் கையெழுத்து முதல் வாரத்திலேயே வாங்கியாகிவிட்டது. போன வாரம் ஒருவருக்கு வேலையில் ஆள் மாற்றிக்கொள்ள முடியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆசிரியைக்கு அழைத்து, ஒருவர் குறைவாக வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தோம்.