வெயிலும் அயலானும்



யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் கண்டிக்கு வருகிறவர்கள் பெட்டிக்குள் ஒரு கம்பளிச் சட்டையை மறவாமல் வைத்துக்கொண்டு வந்த காலம் உங்களுள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அதே உறவினர் பங்குனி சித்திரையில் வந்தால், வீட்டுக்குள் கால் வைத்ததும் மின்விசிறி எங்கே என்றுதான் தேடுகிறார். "கண்டியிலுமா இப்படி?" என்று அவர் கேட்கும்போது நாமும், "காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். காலத்தின்மேல் பழியைப் போடுவது சுலபம். காலம் எழுந்து நின்று மறுமொழி சொல்லப்போவதில்லை.

நமது நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அப்படியானால் கொழும்பைவிட நமக்குக் கிடைத்திருக்கும் சலுகை மூன்று பாகைக்குச் சற்று மேல், அவ்வளவே. அந்த மூன்று பாகையைத்தான் குளிர் என்று இத்தனை காலமும் பெருமையாகப் பேசிவந்தோம். அதை இப்போது நாமே செலவழித்து வருகிறோம். மலைகள் சூழ்ந்த கிண்ணத்தின் அடியில் ஊர் இருக்கிறது. காற்று வந்து துடைத்துக்கொண்டு போவது குறைவு. காலையிலும் மாலையிலும் பேராதனை வீதியில் அங்குலம் அங்குலமாக நகரும் வாகனங்களின் புகையும் சூடும் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே தங்குகின்றன. கொங்கிறீற்றும் தாரும் பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை இரவில் மெல்ல மெல்லக் கக்குகின்றன. 1996 முதல் 2017 வரையான செய்மதிப் படங்களை ஒப்பிட்டு 2019 இல் வெளியான கண்டி நகர் பற்றிய ஓர் ஆய்வு, மரப்பரப்புக் குறைந்து கட்டடப்பரப்புக் கூடிய அளவுக்கு நிலத்தின் மேற்பரப்பு வெப்பமும் கூடியிருக்கிறதென்று காட்டியது.

ஆய்வு கிடக்கட்டும், உங்கள் ஒழுங்கையைப் பாருங்கள். தகப்பனார் காலத்தில் பலாவும் ஈரப்பலாவும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுமாக இருந்த வளவு, பிள்ளைகளுக்குப் பத்துப் பத்துப் பேர்ச்சஸாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு. வீட்டுக்கு முன்னால், சேறு படக்கூடாதென்று, இன்டர்லொக் கல். நமது ஆலய வளவுகள் சிலவும் இந்த வரிசையில் நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விட முடியாது. திருநாளுக்கு வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று நிழல் மரத்தை வெட்டிவிட்டு, அதே திருநாளுக்குக் கூலி கொடுத்துக் கூடாரம் அடிக்கிறோம். பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டக்கூடாதென்று 1951 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. அது உணவுக்காக வந்த சட்டம். நிழலுக்காக எவரும் சட்டம் கேட்டதில்லை.

வெப்பத்தின் கெட்ட குணம், அது சத்தம் போடாமல் வருவது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. வெயிலுக்கு அப்படி எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது கூரையைப் பிய்ப்பதில்லை, வீதியை மறிப்பதில்லை. தனி அறையில் கிடக்கும் முதியவரின் இதயத்தை நிறுத்திவிட்டுப் போய்விடும். மரணப் பத்திரத்தில் மாரடைப்பு என்று எழுதப்படும். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சில நாள் வெயிலில் எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் வயோதிபர், ஏழைகள், தனித்திருந்தவர்கள். திருடருக்குப் பயந்து கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. வெயிலோடு தனிமையும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது. 2010 மே மாதத்தில் இந்தியாவின் அகமதாபாத் நகரில், வழமையான எண்ணிக்கைக்கு மேலாக 1,344 பேர் இறந்தார்கள். அந்த நகரம் விழித்துக்கொண்டது. 2013 இல் தெற்காசியாவிலேயே முதன்முதலாக வெப்பத்துக்கென்று ஒரு செயற்றிட்டம் வகுத்தது. முன்னறிவித்தல், தாதியருக்குப் பயிற்சி, தெருவில் குடிநீர், பின்னர் ஏழைகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு என்று எல்லாமே எளிய காரியங்கள்தாம்.

நமக்கு அகமதாபாத்தின் நாற்பத்தாறு பாகை வராது என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் நம்முடையது ஈரமான வெயில். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆறாது. 32 பாகை வெயிலோடு 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால், உடம்புக்கு அது நாற்பது பாகையாகிவிடும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று அறிவிப்பது இதைத்தான்.

இனி, இந்தப் பத்தியின் உண்மையான கேள்விக்கு வருவோம். வெயில் எல்லார்மேலும் ஒன்றுபோல் காய்கிறது. நல்லோர் தீயோர் என்று பாராமல் கதிரவனை உதிக்கச் செய்கிறார் நம் வானகத் தந்தை. ஆனால் நிழல் அப்படி விழுவதில்லை. அதை மனிதர் பங்கு பிரிக்கிறோம். அந்தப் பங்கீடு நீதியானதா?

குளிரூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி, தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து, வெளியே கொட்டுகிறது. டி. எஸ். சேனாநாயக்க வீதியில் ஒரு கடை வாசலில் நின்றால் உள்ளிருந்து குளிர் முகத்தில் படும். நாலடி தள்ளி நின்றால் பின்புறப் பெட்டியின் அனல் முதுகில் படும். அந்த நாலடி தள்ளி நிற்பவர் லொத்தர் விற்கிறவர், பழம் விற்கிறவர், சாமான் இறக்குகிறவர். கடைக்காரர் கெட்டவரல்லர். "நான் பணம் கொடுத்து வாங்கினேன், மின் கட்டணமும் நானே கட்டுகிறேன்" என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் கட்டணத்தில் வராத ஒரு செலவு இருக்கிறது. அதை வீதியில் நிற்பவன் தன் உடம்பினால் கட்டுகிறான்.

புனித தோமஸ் அக்குவினாஸ் சொத்துரிமையை ஏற்றுக்கொண்டவர். பொருளைப் பேணி நிருவகிக்கும் உரிமை தனியாருக்கு உண்டு. அதன் பயன்பாட்டிலோ, பிறர் தேவைப்படும்போது இலகுவாகப் பகிர்ந்தளிக்குமளவுக்கு அது பொதுவானதென்று கருதவேண்டும் என்பது அவருடைய போதனை. ரொட்டியையும் துணியையும் மனதில் வைத்தே நாம் இதை வாசித்து வந்தோம். நிழலுக்கும் காற்றுக்கும் இது பொருந்தாதா? மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், கேடு தரும் நுகர்வுப் பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டாகக் குளிரூட்டியையே சொன்னார். அதை வாசித்துவிட்டு, நோயாளித் தாயின் அறையில் குளிரூட்டி வைத்திருக்கும் மகன் கலங்கவேண்டியதில்லை. தேவையும் சொகுசும் ஒன்றல்ல. வெளியே தூக்கிய கைக்கு அப்பால் வெயில் கொளுத்த, உள்ளே கம்பளிச் சட்டை போடுமளவுக்குக் குளிரவைத்திருக்கும் மண்டபங்களைப் பற்றியே பேச்சு.

நகரின் குளிர்ச்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மாலையில் நாம் காற்று வாங்கும் கண்டி வாவி இயற்கை தந்ததன்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், வயல்நிலம் கிடந்த இடத்தில் 1807 முதல் 1812 வரையில் இராஜகாரிய ஊழியத்தைக் கொண்டு அமைத்தது. கூலியில்லாமல் மண் சுமந்தவர்களின் வியர்வைதான் இன்று நமக்குக் குளிராக வீசுகிறது. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே மன்னர் காலத்தில் குடிகள் நுழையக்கூடாத காடு. 1938 இல் சரணாலயமாயிற்று. நூற்றுநாலு ஹெக்டயர் அளவான அந்தக் காடு மட்டும் அன்று வெட்டுண்டிருந்தால் இன்று நகரின் நடுவில் நம்மால் மூச்சுவிட முடியாது. அரசனுடைய நிழல் பொதுமக்களின் நிழலாயிற்று. நமது காலத்திலோ, பொது நிழல் மறுபடியும் தனியார் அறைகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

நிழலின் பங்கு கடைசியாக யாரிடம் வந்து சேர்கிறதென்று பார்க்க நெடுந்தூரம் போகவேண்டாம். மஹியாவையில், தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்கி வரும் நம் மக்கள், நெருக்கியடித்த குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். சுற்றுப்புறத் தோட்டங்களிலோ, வெள்ளைக்காரன் காலத்து லயன் அறைகள் இன்னும் இருக்கின்றன. தகரத்துக்குக் கீழே உச்சி வேளையில் கைக்குழந்தையோடு இருக்கும் தாயிடம், மின்விசிறியைப் போட்டுக்கொள் என்று சொல்லலாமா? 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் மின் கட்டணம் உயர்ந்தபோது முதலில் நின்றது இத்தகைய வீடுகளின் விசிறிதான். திராட்சைத் தோட்ட உவமையில் நாளின் பாரத்தையும் வெயிலையும் சுமந்தோம் என்று முறையிட்டவர்களை, பொறாமைக்காரர் என்றே நம் பிரசங்கங்கள் சொல்லிவந்திருக்கின்றன. உவமையின் கருத்து அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வெயிலில் நின்றது பொய்யல்லவே.

வெயிலை ஒரு தவமாக ஒப்புக்கொடுக்கலாமே என்று பக்தியுள்ள ஒரு வாசகர் கேட்கக்கூடும். தாராளமாக. தபசுகாலத்தில் நடுப்பகலில் சிலுவைப்பாதை நடக்கும் அன்னையரை நாம் அறிவோம். ஆனால் ஒருவர் தாமே மனமுவந்து ஏற்பதுதான் தவம். வேறொருவர் முதுகில் நாம் ஏற்றிவிட்ட சுமைக்கு அந்தப் பெயர் சூட்ட நமக்கு உரிமையில்லை. அதுபோலவே, கனத்த சப்பாத்தும் கழுத்துப் பட்டியும் அணிந்து பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் நிற்கும் மாணவனிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதும்.

யோனாவின் கதையை மறுபடி வாசித்துப் பாருங்கள். நினிவே நகருக்கு வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு இறைவன் ஓர் ஆமணக்குச் செடியை நிழலாகத் தந்தார். அவர் மகிழ்ந்தார். புழு அரித்துச் செடி காய்ந்ததும், சாவதே மேல் என்று கோபித்தார். தன் தலைக்கு மேலிருந்த ஒரு செடிக்காக அத்தனை துயரம். இலட்சத்து இருபதினாயிரம் பேர் வாழ்ந்த நகரத்துக்காகத் துயரமில்லை. இறைவன் அவரிடம் கேட்ட கேள்வியோடு அந்த ஆகமம் முடிகிறது. யோனாவின் பதில் அதில் இல்லை.

ஆபிரகாமோ பகலின் வெப்ப நேரத்தில் கூடார வாசலில் இருந்தபோது, மூன்று அந்நியரைக் கண்டு எழுந்து ஓடினார். தண்ணீர் தருவித்து, மரத்தடியில் இளைப்பாறச் சொன்னார். யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று விசாரிக்கவில்லை.

நமது பழைய ஆலயங்களுக்குத் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உண்டு. பல பங்குகளில், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அந்தச் சுற்றுவட்டத்திலேயே குளிர்ந்த கட்டடம் ஆலயந்தான். அந்த நேரத்தில்தான் அது பூட்டியிருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பூட்டியதன் காரணத்தை எவரும் குறைகூற முடியாது. காவலுக்கு ஆள் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் ஒரு நாளைக்கு இருவராக, வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞரும் முறைவைத்து அமர்ந்தால் பங்குனி சித்திரை இரண்டு மாதத்துக்காவது ஒரு பக்கக் கதவைத் திறக்கலாம். திண்ணையில் ஒரு மண்பானையும் குவளையும் வைக்கலாம். அதே ஆட்கள், தனித்திருக்கும் முதியோரின் பெயர்களை எழுதிவைத்து நண்பகலுக்குப் பின் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்கலாம். தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் என்றால் நிழலும் தண்ணீரும் போதும். பேச்சுத் தடுமாறி உடம்பு அனலாகக் கொதித்தால், ஈரத்துணி போர்த்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். தகரக் கூரைகளுக்கு வெள்ளையடிக்க ஒரு சனிக்கிழமைச் சிரமதானம் போதும்.

உங்கள் பங்குச் சபையின் அடுத்த கூட்டம் எப்போது? அங்கே இதைப் பேசி, எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, யார் முறை என்று தீர்மானித்து நமக்கு எழுதுங்கள். மாசி முடியுமுன் கிடைக்கும் கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.