தாழ்ப்பாள் பக்கம்

கடைசி நாள் காலையில் செவலை கதவின் தாழ்ப்பாள் பக்கம் நின்றது. எத்தனையோ நடந்திருக்க, எனக்கு இது ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

14 வயது நாட்டு நாய். கடைசி ஒன்றரை ஆண்டாக வலிப்பு. இளம் வயதில் தொடங்கும் வலிப்பு பெரும்பாலும் பிறவிக்கூறு. முதுமையில் வந்தால் மூளைக்கட்டி, ஈரல், சிறுநீரகம் என்று சந்தேகப்பட வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டு வேளையும் பினோபார்பிட்டோன் மாத்திரையை இட்லித் துண்டில் பொதிந்து கொடுத்தோம். ஒரே இழுப்பாக 5 நிமிடம் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அதனால் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கொஞ்ச நாளாகவே, வெளியே போக வேண்டுமென்றால் அது கதவின் கீல் பக்கம்தான் போய் நிற்கும். மூளை தளர்ந்த கிழட்டு நாய்கள் அப்படி நிற்பதுண்டு. கதவு திறக்காத அந்த மூலையைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருக்கும். நாங்கள் மெல்லத் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவோம்.

கடைசி நாளுக்கு முந்தைய இரவு நான்கு முறை இழுத்தது. விடிந்ததும் மருத்துவருக்குப் போன் செய்தேன். "பதினோரு மணிக்கு வந்துர்றேன் சார்" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், செவலை தாழ்ப்பாள் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சின்ன வயதில் அம்மாச்சி வீட்டில் மயிலைக்காளை ஒன்று படுத்துவிட்டது. ஒரே பக்கம் கிடந்தால் புண் வைத்துவிடும் என்று காலையும் மாலையும் நாலு பேர் கயிறு போட்டுப் புரட்டுவார்கள். அடிமாட்டு வியாபாரி வந்தபோது தாத்தா வாசலோடு அனுப்பிவிட்டார். "அதோட நாள் வரைக்கும் கெடக்கட்டும்" என்றாள் அம்மாச்சி. அது இரவில் முனகுவது திண்ணையில் படுத்திருந்த எனக்குக் கேட்கும். அந்த முனகல்தான் என்னைப் போன் செய்ய வைத்ததோ என்னவோ.

கல்லூரி நூலகத்தில் படித்ததும் நினைவுக்கு வருகிறது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, வேதனையில்லாமல் பக்கம் மாறிப் படுக்கவும் முடியாமல் கிடந்தது. பிழைக்காது என்று தெரிந்ததும், ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார் காந்தி. கோபக் கடிதங்கள் குவிந்தன. செய்தது சரியே என்று அவர் பதில் எழுதினார். அந்த உறுதியை நான் வெகுநாள் வியந்திருக்கிறேன்.

ஆனால் கன்று ஓயாத வலியில் கிடந்தது. செவலை அப்படியில்லை. இழுப்பு வரும்போது அதற்கு நினைவே இருக்காது, வலி தெரியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெளிந்ததும் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும்; அறையைச் சுற்றிச் சுற்றி வரும்; பசி பசியென்று அலையும். அந்தத் திகைப்பு அதனுடையதுதான். ஆனால் வெட்டி வெட்டி இழுக்கும் அந்த உடம்பைப் பார்த்துத் துடித்தது நாங்கள். அப்படியானால் நான் யாருடைய வேதனையை முடித்தேன்?

கதவைத் திறந்தேன். முருங்கை மரம் வரை போய், மூத்திரம் பெய்து, தானே திரும்பி வந்து வாசலில் வெயிலுக்குப் படுத்தது. மருத்துவரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. அடுத்த இரவை நினைத்தேன், சொல்லவில்லை. ஊசி போடும்போது தலை என் மடியில் இருந்தது. வலிப்பை அடக்க இத்தனை நாள் கொடுத்த மாத்திரையும், மூச்சை நிறுத்திய இந்த மருந்தும் பார்பிட்டுரேட் என்ற ஒரே குடும்பம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை அதற்குப் புத்தி தெளிந்திருந்ததா? இரவெல்லாம் அறையைச் சுற்றிய நாய் எங்கேயாவது ஓரிடத்தில் நின்றுதானே ஆக வேண்டும், அது தாழ்ப்பாள் பக்கமாக அமைந்துவிட்டது என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.