சி டிரைவில் இடம் எங்கே போனது?

சி டிரைவின் பட்டை சிவந்துவிட்டால் பெரும்பாலோர் உடனே கண்ணில் படுவதை அழிக்கத் தொடங்குகிறார்கள். டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாணப் படங்கள், டாகுமென்ட்ஸில் இருக்கும் பழைய கடிதங்கள், மகள் ஆண்டுவிழாவில் ஆடிய வீடியோ. இவ்வளவும் போனாலும் இரண்டு மூன்று ஜிபிதான் தேறும். ஒரே வாரத்தில் பட்டை மறுபடி சிவக்கும். உண்மையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர்களில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை அழித்தாலும் கம்ப்யூட்டர் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். கண்ணில் படுபவையோ நாம் உண்டாக்கியவை, போனால் போனதுதான். ஆகவே எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எதை அழிக்கும் முன்பும் ஒரே கேள்வி போதும்: இது போனால் திரும்ப எங்கிருந்து வரும்?

ஒரு சாதாரண லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். 128 ஜிபி எஸ்எஸ்டி என்று சொல்லி விற்றது. விண்டோஸில் திறந்தால் 119 ஜிபி என்று காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எஸ்எஸ்டி தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 256 ஜிபி வாங்கியவருக்கு 238 என்று தெரிவதும் இதனால்தான். பழுதானால் மீட்க உதவும் ரிக்கவரி பார்ட்டிஷன் இதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் அப்டேட்டுக்கென்றே சுமார் 7 ஜிபியை விண்டோஸ் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. விண்டோஸ், ஆபீஸ், ஒரு பிரவுசர் எல்லாம் ஏறிய பிறகு வாங்கிய அன்றே கைக்கு மிஞ்சுவது, பெட்டியில் போட்டிருப்பதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும்.

அந்த மிச்சமும் தீர்ந்தால் தொல்லை பல வழிகளில் வரும். ரேம் போதாதபோது விண்டோஸ் தரவைத் தள்ளி வைக்கிற பேஜ்ஃபைல் வளர முடியாது. திறந்திருக்கும் மென்பொருள் திடீரென்று மூடிக்கொள்ளும். பிரின்ட் கொடுத்தால் வராது, ஏனென்றால் அச்சுக்குப் போகும் பக்கங்கள் முதலில் சி டிரைவில்தான் வரிசையில் நிற்கின்றன. பாதுகாப்பு அப்டேட்கள் ஏறாமல் நின்றுபோவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். எஸ்எஸ்டியின் இயல்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அதில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் குறையக் குறைய, உள்ளிருப்பதை அங்குமிங்கும் நகர்த்தி இடம் பிடிக்கும் வேலை கூடும். வேகம் குறையும், தேய்மானம் ஏறும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு எப்போதும் காலியாக இருப்பது நல்லது. நமது 119 ஜிபிக்கு 15 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம்.

'இடம் எங்கே போனது' என்ற கேள்வி கம்ப்யூட்டர் துறையில் அருமையான ஒரு விடையைப் பெற்றுத் தந்திருக்கிறது. 1990-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேனின் ஆய்வுக்கூடத்தில் 80 எம்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அதை 14 பேர் பகிர்ந்துகொண்டார்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது, யாருடைய எந்த ஃபைல் இடத்தை அடைக்கிறது என்று பட்டியல்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. டிஸ்க் முழுவதையும் ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் அளவுக்கேற்ற ஒரு பாத்தியை உள்ளே பிரித்துக் கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் ட்ரீமேப். இன்று பங்குச் சந்தை நிலவரத்தையும் நாட்டு ஏற்றுமதிக் கணக்கையும் காட்டப் பயன்படும் அந்தப் படம், நிறைந்துபோன ஒரு டிஸ்க்கிலிருந்து வந்தது.

விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ ஆகியவை அந்த வழியில் வந்த மென்பொருள்கள். விஸ்ட்ரீ ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து எண்ணாமல், எல்லா ஃபைல்களின் விவரமும் இருக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளை நேரடியாகப் படித்துவிடுவதால் சில விநாடிகளில் முடித்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால்தான் மறைந்திருப்பவையும் முழுதாகத் தெரியும். படம் வந்ததும் பெரிய பாத்திகளை மட்டும் பாருங்கள். பல்லாயிரம் ஃபைல்கள் இருந்தாலும் பாதி இடத்தைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் ஒரு கை விரல்களில் எண்ணிவிடக் கூடியவை.

முதலில் தெரிய வாய்ப்புள்ள பாத்தி ஹைபர்ஃபில் என்கிற ஒற்றை ஃபைல். ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் உள்ளதை எழுதி வைக்க விண்டோஸ் இதை முன்கூட்டியே உண்டாக்கி வைக்கிறது. வழக்கமான அளவு ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் இருந்தால் 6.4 ஜிபி இதற்கே போய்விடும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், மைனஸ் எச், ஒரு ஸ்பேஸ், ஆஃப் என்று அடித்து என்டர் தட்டினால் அந்த ஃபைல் அப்போதே மறையும். ஹைபர்னேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் அதோடு போகும். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பேட்டரி தீரும் தறுவாயில் வேலையைக் காப்பாற்ற ஹைபர்னேட்டை நம்பியிருப்பவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம். பேஜ்ஃபைலும் பக்கத்திலேயே பெரிதாக நிற்கும். அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று தெரியும். பத்து ஜிபிக்கு மேல் காட்டும். பார்த்ததும் டெலீட் செய்யக் கை போகும். வேண்டாம். விண்டோஸின் உறுப்புகள் எல்லாம் இங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் ஃபைல்களில் பல, இங்கே உள்ள அதே ஃபைலுக்கு ஹார்ட் லிங்க் மூலம் கொடுத்த இன்னொரு பெயர்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் அதை எண்ணிவிடும். வீட்டில் கூப்பிடும் பெயரையும் பள்ளிக்கூடப் பெயரையும் தனித்தனியே எழுதிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் என்று கணக்குச் சொல்வது போன்றது இது. ஆகவே அது காட்டும் அளவை அப்படியே நம்பக் கூடாது. கையால் அழித்தால் அப்டேட் ஏறாது. விண்டோஸ் திறக்காமலும் போகலாம். விண்டோஸுக்குள் உள்ள இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரும் இப்படித்தான். அதை அழித்தவர்கள் பின்னால் ஒரு மென்பொருளை நீக்கவோ பழுது பார்க்கவோ முடியாமல் திண்டாடுவார்கள்.

இவற்றில் நியாயமாக எடுக்கக் கூடியதை எடுக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். அப்டேட்களின் பழைய பிரதிகள், தற்காலிக ஃபைல்கள், ரீசைக்கிள் பின் எல்லாம் அளவோடு அங்கே வரிசையாக வரும். டெலீட் செய்தும் இடம் கூடவில்லை என்று தவிப்பவர்கள் ரீசைக்கிள் பின்னை மறந்திருப்பார்கள். அதைக் காலி செய்யும்வரை இடம் வராது. விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், முந்தைய விண்டோஸ் முழுவதும் ஒரு ஃபோல்டரில் 10 நாள் காத்திருக்கும். பழையதற்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால் அதையும் அங்கேயே நீக்கலாம். 10 ஜிபிக்கு மேலும் கிடைக்கும்.

அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றொரு வரியும் இருக்கும். அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், பழைய டிஸ்க் கிளீனப் கருவியின் பட்டியலிலும் டவுன்லோட்ஸைச் சேர்த்தார்கள். பல ஆண்டுகளாக எல்லா வரிகளிலும் டிக் போட்டு ஓகே கொடுத்துப் பழகியவர்கள் இருந்தார்கள்; அவர்களுக்கு அது பொறியாயிற்று. 2020-இல் வந்த 2004 பதிப்பில் அந்த வரி எடுக்கப்பட்டது. பலருக்கு டவுன்லோட்ஸ்தான் பீரோ. வங்கி ஸ்டேட்மென்ட், மருத்துவமனை ரிப்போர்ட், பத்திரத்தின் ஸ்கேன் பிரதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

முதலில் சொன்ன கேள்வியைக் கூர்மையாகக் கேட்க வேண்டிய இடம், யூசர்ஸுக்குள் நம் பெயருள்ள ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா. பிரவுசரின் கேஷ், வீடியோ எடிட்டிங் மென்பொருள் சேர்த்து வைக்கும் மீடியா கேஷ் ஆகியவை இங்கே பல ஜிபி வளர்ந்திருக்கும். கவலையில்லாமல் நீக்கலாம், அந்தந்த மென்பொருளின் செட்டிங்ஸ் வழியாக நீக்கினால் இன்னும் நல்லது. ஐஃபோன் வைத்திருப்பவர் ஐட்யூன்ஸ் மூலம் எடுத்த பேக்கப்பும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். ஃபோன் கையில் நன்றாக இருந்தால் அது வெறும் பிரதி. ஃபோன் தொலைந்து போயிருந்தால் அந்தப் படங்களுக்கு மிஞ்சிய ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அவுட்லுக்கின் ஃபைல்களைப் பாருங்கள். ஓஎஸ்டி என்று முடிவது பெரும்பாலும் சர்வரில் இருக்கும் அஞ்சல்களின் பிரதி; அழித்தாலும் மறுபடி இறங்கிவிடும். பிஎஸ்டி என்று முடிவதில் இருக்கும் அஞ்சல் வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம். பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஒன்டிரைவிலும் இதே கவனம் வேண்டும். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால், அது கிளவுடில் இருக்கும், லேப்டாப்பில் மட்டும் இடம் காலியாகும். டெலீட் கொடுத்தால் இரண்டு இடத்திலும் போய்விடும்.

இதற்குப் பிறகும் மிஞ்சும் பெரிய பாத்திகள் நம்முடையவை. அவை இடம் மாற வேண்டும். டி டிரைவ் இருந்தால் பிக்சர்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பகுதியில் புதிய இடத்தைக் காட்டி மூவ் கொடுங்கள். அங்கே ஒரு தனி ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்ட வேண்டும். டி டிரைவையே காட்டிவிட்டால் பின்னால் குழப்பம். இப்படிச் செய்தால் மற்ற மென்பொருள்களும் புது இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே எஸ்எஸ்டியில் உள்ள டி டிரைவுக்கு நகர்த்துவதால் சி-யில் இடம் கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது. எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். படங்களும் கணக்குகளும் வெளியே வேறொரு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும்.

ஒரே கிளிக்கில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் இடம் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்காது. விண்டோஸ் கெடுவதற்கான வழிதான் திறக்கும். 2017-இல் புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவல்காரர்கள் தீங்கான நிரலைப் புகுத்திவிட, அது அதிகாரபூர்வமான டவுன்லோடாகவே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸின் சொந்தக் கருவிகளே இந்த வேலைக்குப் போதும்.

எல்லாம் செய்தும் 15 ஜிபி மிஞ்சவில்லை என்றால் டிரைவே சிறியது. டி-யைச் சுருக்கி சி-யை நீட்டலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பவர்களுக்கு எக்ஸ்டெண்ட் என்ற வரி மங்கிப்போய் இருக்கும். சி-க்கு அடுத்து, வலப்பக்கத்தில் ஒட்டியே காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு அப்பால் விழுகிறது. நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷனும் குறுக்கே நிற்கும். லேப்டாப்பில் மாற்ற முடிகிற எஸ்எஸ்டி என்றால், பெரிய ஒன்றை வாங்கிப் பழையதை அப்படியே குளோன் செய்வதே நல்ல வழி. அதற்கு முன், டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரிக்கவரி கீயை எழுதி எடுத்துக்கொண்ட பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள்.