அறிந்திருந்தும் ஆண்டவர் ஏன் தடுக்கவில்லை?



நம்முடைய தோட்டப்புறங்களில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "எல்லாம் தலையெழுத்து" என்பது ஒன்று. "ஆண்டவருக்கு முன்பே தெரியும், அவர் சித்தம் நடந்தது" என்பது மற்றது. முதலாவது கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று நாம் அறிவோம். ஆனால் இரண்டாவதையும் பல வேளைகளில் முதலாவதன் பொருளிலேயே சொல்லிவிடுகிறோம். சொல்லுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, விதியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

1948 ஆம் ஆண்டில் நம் மக்களின் குடியுரிமை பறிபோனது தலையெழுத்தால் அல்ல. பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டத்தால். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதைத் திரும்பக் கொடுத்ததும் 2003 ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம்தான். மனிதர் எழுதியதை மனிதர் அழித்து எழுதினார்கள். அதை ஆண்டவரின் கையெழுத்து என்று சொல்வது அவர்மீது பழி போடுவதாகும்.

பலாங்கொடையிலிருந்து கிழக்கே, பெரகலை வழியாக வெல்லவாயவுக்குப் போகும் பெருவீதியில் கொஸ்லாந்தை இருக்கிறது. அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் போயினர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குப் போனதால் உயிர் தப்பிய பிள்ளைகளும் உண்டு. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும், மறுபடி 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் கிடந்தது. மக்கள் லயத்தில் கிடந்தார்கள். எழுந்து போகலாம் என்றால் அவர்களுக்கு வேறு காணி ஏது, வீடு ஏது? மலை சரிந்த பிறகு, 2016 ஆம் ஆண்டில், பூனாகலைப் பக்கத்தில் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சரிந்த பின் கட்ட முடிந்த வீட்டைச் சரியுமுன் கட்டாமல் விட்டது யாருடைய சித்தம்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு நாளை நாம் மறக்கவில்லை. தாக்குதல் நடக்கப் போகிறது என்ற தகவல் அந்த மாதத் தொடக்கத்திலேயே அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. அறிந்திருந்தும் தடுக்கத் தவறியோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று, முன்னாள் ஜனாதிபதியையும் சேர்த்து, உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12 இல் தீர்ப்பளித்தது.

இங்கேதான் ஒரு கேள்வி எழும். "சாமி, அறிந்தும் தடுக்காத அதிகாரி குற்றவாளி என்றால், எல்லாம் அறிந்த கடவுளை என்னவென்பது?" இப்படிக் கேட்பது தேவதூஷணம் அல்ல. யோபு கேட்டார், அபக்கூக் இறைவாக்கினர் கேட்டார். ஆண்டவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை.

திருச்சபையின் அறிஞர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாக்கினார்கள். ஒன்றை அறிவது வேறு, அதைச் செய்விப்பது வேறு. மேட்டு மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குக் கீழே வளைந்து வளைந்து போகும் வீதி முழுவதும் தெரிகிறது. இந்த வளைவில் ஒரு லொறி, அடுத்த வளைவில் ஒரு பஸ். இரண்டு சாரதிகளுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அம்மாவுக்குத் தெரிகிறது. அவர் பார்ப்பதனால் பஸ் ஓடுவதில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ், உயரத்தில் நிற்பவன் வழிப்போக்கர் அனைவரையும் ஒரே பார்வையில் காண்பதை உவமையாகக் காட்டுகிறார். அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னே, மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த போயேத்தியுஸ் என்ற அறிஞர், கடவுளுக்கு நேற்று நாளை என்பது இல்லை, எல்லாம் அவர் கண்முன் இன்றாகவே இருக்கிறது என்று எழுதினார். சிறையில் இருந்த மனிதர் எழுதியதால் அதை நாம் மதித்துக் கேட்கவேண்டும்.

ஆயினும், ஆண்டவரின் அருளும் மனிதனின் சுயாதீனமும் எப்படி இணைகின்றன என்பதில் அறிஞர்களே மோதிக்கொண்டார்கள். 1588 ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு மோலினா ஒரு நூல் எழுத, சாமிநாதர் சபைக் குரு பாஞெஸ் அதை எதிர்த்தார். உரோமையில் பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. 1607 ஆம் ஆண்டில் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பதிதர் என்று தூற்றவேண்டாம் என்று கட்டளையிட்டு முடித்தார். பாப்பரசரே நிறுத்திக்கொண்ட இடத்தில், சாவு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு நாம் அவசரத் தீர்ப்புச் சொல்லலாமா?

அறிவது செய்விப்பதல்ல என்பது பாதி விடைதான். "சரி, ஏன் தடுக்கவில்லை?" என்ற மீதி இருக்கிறது. மனிதர் செய்யும் தீமையைப் பொறுத்தவரை, கெடுதல் செய்யும் ஒவ்வொரு கையையும் ஆண்டவர் பிடித்து நிறுத்துவாரானால், அன்பு செய்யும் கையும் சுயாதீனமாக இராது. மழையைப் பொறுத்தவரை, கொழுந்தைத் தளிர்க்க வைக்கும் மழையேதான் மண்ணையும் இளக்குகிறது. இவை உண்மைகள். ஆனால் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாயிடம் இவற்றைச் சொல்ல எனக்கு நா எழாது. 1992 இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும், இந்தக் கேள்விக்கு அவசர விடை எதுவும் போதாது என்றே கூறுகிறது.

எனவே சுவிசேஷத்துக்குப் போவோம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மடிந்த செய்தியை இயேசு எடுத்துப் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்பதை மறுக்கிறார். ஏன் விழுந்தது என்று விளக்கவில்லை; உயிரோடு இருக்கும் நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். இலாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விடுகிறார். இராயப்பர் மறுதலிப்பார் என்பதையும் முன்பே அறிந்திருந்தார். அவர் அறிந்ததால் இராயப்பர் மறுதலிக்கவில்லை. தம் அச்சத்தால் மறுதலித்தார். ஆனால் அந்த மறுதலிப்புக்கு முன்னதாகவே, அவருடைய விசுவாசம் தவறாதபடி ஆண்டவர் செபித்து முடித்திருந்தார். ஆண்டவருடைய முன்னறிவு இப்படிப்பட்டது. நம் வீழ்ச்சியை எழுதிவைத்த ஏடு அல்ல அது. வீழ்ச்சிக்கு முன்பே நமக்காகச் செய்யப்பட்ட செபம்.

அதிகாரி தூரத்தில் இருந்துகொண்டு அறிந்தார். ஆண்டவரோ இறங்கி வந்தார். சிலுவையில் மடிந்து, கல்லறைக்குள் வைக்கப்பட்டார். அதிகாரியால் போன உயிரைத் திருப்பித் தர முடியாது. ஆண்டவரால் முடியும் என்பதுதான் நம் விசுவாசம்.

இரத்தினபுரி, கேகாலை மலைகளில் வாழும் நமக்கு இது வெறும் தத்துவம் அல்ல. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டது. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொகுப்பிட்டி களுப்பான தோட்டத்திலும் மலை இறங்கியது. ஆண்டவரின் பராமரிப்பு பெரும்பாலும் மனிதரின் கண் வழியாகவும் கை வழியாகவும் வருகிறது. மண்ணில் புது வெடிப்பு, திடீரென்று ஊறும் கலங்கல் நீர், சாயும் மரம், இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள், தொழிற்சங்கத்துக்கும் பங்குச் சாமிக்கும் சொல்லுங்கள். மழை இரவில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். செபமாலையை அங்கே போய்ச் சொல்லலாம். பொறுப்பில் இருப்பவர்களே, எச்சரிக்கைக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் பூட்டி வைப்பதும் பாவம். செய்த பாவத்துக்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்ட கடமைக்கும் திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொள்கிறோம்.

அடுத்த முறை ஒரு சாவு வீட்டுக்குப் போகும்போது "ஆண்டவர் சித்தம்" என்று சொல்ல அவசரப்படவேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், தேத்தண்ணீர் போட்டுக் கொடுங்கள், அழுகிறவர்களோடு அழுங்கள். அழுத ஆண்டவர் அங்கே இருப்பார்.